டிராவல்ஸ் புக்கிங் சாஃப்ட்வேர்: பழசைத் திருத்தலாமா, சந்தாவுக்கு எடுக்கலாமா, புதிதாகவே எழுதலாமா?

பத்திலிருந்து நாற்பது வண்டி வரை ஓட்டும் டிராவல்ஸ்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "சாஃப்ட்வேர் பழசாயிடுச்சு, கஸ்டமர் திட்டுறாங்க. ஒருத்தர் மாசச் சந்தான்னு சொல்றார். ஒருத்தர் புதுசாவே எழுதித் தரேங்கிறார். நம்ம பழைய ஆளு இதையே சரி பண்ணிடலாம்ங்கிறார். எதுக்குப் போறது?" சென்னையிலிருந்து மதுரை, நெல்லை, கோவை, கும்பகோணம் என்று ராத்திரி வண்டி விடுகிற, கோயம்பேட்டில் ஆபீஸும் கிளாம்பாக்கத்தில் ஒரு கவுன்ட்டரும் வைத்திருக்கிற நிறுவனத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். டூர் பேக்கேஜ், விமான டிக்கெட் விற்பவர்களுக்கும் பாதி பொருந்தும். அவர்களுக்கு பெர்த் பிரச்சினை கிடையாது, அவ்வளவுதான்.

டெமோவுக்கு உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பது டிக்கெட் போடும் திரையை. மூன்று கிளிக்கில் சீட் விழுகிறது, கலர் கலராக இருக்கிறது, முதலாளிக்கும் பிடித்துவிடுகிறது. ஆனால் டிக்கெட் எடுக்கிற நேரத்தில் எந்தப் பயணியும் யாரையும் திட்டுவதில்லை. கேன்சல் பணம் வராதபோது, வண்டி எங்கே வருகிறது என்று தெரியாதபோது, லோயர் பெர்த் போட்டவருக்கு அப்பர் கிடைக்கும்போதுதான் திட்டுகிறார். டிக்கெட் விற்ற பிறகு நடக்கும் வேலைகளை வைத்துத்தான் சாஃப்ட்வேரை அளக்க வேண்டும் என்பது என் கட்சி. விற்கும் திரை எல்லாரிடமும் நன்றாகத்தான் இருக்கும்.

## எதை வைத்து அளப்பது

முதலில், ஏறும் இடமோ வண்டியோ மாறினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. 2024 ஜனவரி 24 முதல் தென் மாவட்ட ஆம்னி பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று அரசு சொன்னது. அதற்குள் கோயம்பேடு என்று போட்ட டிக்கெட்டுகள் விற்றுப்போயிருந்தன. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த வாரத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தேவைப்பட்டது ஒரே வேலைதான்: இந்தத் தேதிக்கு மேல் கோயம்பேட்டில் ஏறுவதாகப் போட்டவர்களைப் பட்டியலெடுக்க வேண்டும், இடத்தை மாற்ற வேண்டும், அத்தனை பேருக்கும் செய்தி அனுப்ப வேண்டும். டெமோ காட்டுபவரிடம் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பேச்சைக் குறைத்துக்கொள்வார்.

இன்னும் கடினமான சோதனை ஒன்று உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு 36 பெர்த் ஸ்லீப்பர் வண்டி ரிப்பேர். கையில் இருப்பது செமி ஸ்லீப்பர். சீட் வரைபடமே வேறு. யாரை எங்கே உட்கார வைப்பது, கட்டண வித்தியாசத்தை யாருக்குத் திருப்பித் தருவது, புது சீட் நம்பரை எப்படிச் சொல்வது, டிரைவர் கையில் கொடுக்கும் பயணிப் பட்டியல் (சார்ட்) மாறுகிறதா? சாஃப்ட்வேர் இதற்குத் தயாராக இல்லையென்றால் கவுன்ட்டர் பையன் பேப்பரில் எழுதி ஒட்டுவான். அப்புறம் பெருங்களத்தூரில் ஏறும் குடும்பத்தோடு கிளீனர் சண்டை போடுவார்.

இரண்டாவது ரீஃபண்ட். பல ஆபீஸ்களில் கேன்சல் ஒரு நோட்டில்தான் இருக்கிறது. கவுன்ட்டரில் கேன்சல் அடித்ததும் சீட் காலியாகிவிடும். பணத்துக்கு மட்டும், அக்கவுன்டன்ட் மறுநாள் வந்து அந்த நோட்டைப் பார்த்து, ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே பக்கத்தில் தனியாக லாகின் செய்து, ஒவ்வொன்றாகத் தேடித் திருப்பி அனுப்புவார். சனி, ஞாயிறு அவர் வரமாட்டார். பயணி போன் செய்தால் "அனுப்பியாச்சு சார், பேங்க்ல கேளுங்க" என்ற ஒரே பதில். கேன்சல் அடித்த கணமே ரீஃபண்ட் உத்தரவும் கேட்வேக்குப் போக வேண்டும், அதன் பரிமாற்ற எண் பயணிக்கு எஸ்.எம்.எஸ்-ஸில் வர வேண்டும். போன் அழைப்புகள் குறைய இதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ஒரே சார்ட். கவுன்ட்டர், ஏஜென்ட், சொந்த இணையதளம், ரெட்பஸ் போன்ற வெளித் தளங்கள் எல்லாம் ஒரே சீட் இருப்பைப் பார்க்கின்றனவா, இல்லை தளத்துக்கு 20, ஏஜென்ட்டுக்கு 6 என்று கோட்டா பிரித்து வைத்திருக்கிறீர்களா? கோட்டா என்றால் ஒரு பக்கம் சீட் காலியாகப் போகும், இன்னொரு பக்கம் டபுள் புக்கிங் ஆகும்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு சிஸ்டம் நின்றால் யார் போன் எடுப்பார். தீபாவளி, பொங்கல் புக்கிங் திறக்கும் நாளில் தாங்குமா. மூன்று வருடச் செலவு எவ்வளவு. விட்டுப் போக நினைத்தால் உங்கள் டேட்டா உங்களோடு வருமா.

## பழசையே திருத்துவது

பழசு என்பதற்காகவே எதையும் தூக்கிப் போட வேண்டாம். ரயில்வேயின் கணினி முன்பதிவு 1980-களில் வந்தது. 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. ஆன்லைனில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது அந்த அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. சீட் கணக்கு உள்ளே இருந்தபடியே இருக்க, அதன்மேல் இணையத்துக்கு ஒரு வழி திறந்தார்கள். உங்கள் சாஃப்ட்வேரிலும் சீட் கணக்கு சரியாக இருந்து, வெளி உலகத்தோடு பேசத் தெரியாததுதான் குறை என்றால், அதற்கு ஒரு ஏ.பி.ஐ. (வேறு சாஃப்ட்வேர்கள் அதனோடு பேசுவதற்கான வாசல்) எழுதி இணையதளத்தையும் கேட்வேயையும் கோர்ப்பது நியாயமான வழி. கவுன்ட்டர் ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. பழைய ஊழியர் விரல் பழகிய ஷார்ட்கட் கீயிலேயே டிக்கெட் போடுவார். வரிசை நிற்கும் நேரத்தில் அது பெரிய விஷயம்.

மறைந்திருக்கும் செலவு அடித்தளத்தில் இருக்கிறது. இந்த ஊர் டிராவல்ஸ் சாஃப்ட்வேர்களில் கணிசமானவை விஷுவல் பேசிக், ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய நிரல்மொழிகளில் எழுதியவை. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. அது ஓடும் கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் நின்றது. பயணிகளின் போன் நம்பர் முழுக்க அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது.

கார்டு விவரத்தைச் சேமித்து வைக்கும் பழக்கம் உள்ள சாஃப்ட்வேர் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி விற்பனையாளர் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கேள்வி: சோர்ஸ் கோடு, அதாவது சாஃப்ட்வேரின் மூல நிரல், யாரிடம்? எழுதிக் கொடுத்தவர் இப்போது வேறு வேலையில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். கோடு உங்கள் கையில் இருந்து, இன்னொருவரால் அதைத் திறந்து கம்பைல் செய்ய (ஓடும் சாஃப்ட்வேராக மாற்ற) முடிந்தால் மட்டும் இந்த வழியில் போகலாம். அது இல்லாமல் திருத்துவது என்றால் ஒரு மனிதரின் உடல்நலத்தையும் நல்லெண்ணத்தையும் நம்பித் தொழில் நடத்துவதாகிவிடும்.

யாருக்கு ஏற்றது: ஐந்தாறு வண்டி, நிலையான ரூட்டுகள், பெரும்பாலும் தெரிந்த பயணிகள், கையில் சோர்ஸ் கோடு. அவர்களுக்கும் இது இரண்டு மூன்று வருடத்துக்கான ஏற்பாடுதான்.

## மாதச் சந்தாவுக்கு எடுப்பது

பஸ் நிறுவனங்களுக்கென்றே தயாராக இருக்கும் சாஃப்ட்வேர்களை டிக்கெட்டுக்கு இவ்வளவு அல்லது மாதத்துக்கு இவ்வளவு என்று தருகிறார்கள். ரெட்பஸ் 2006-ல் பெங்களூரில் தொடங்கியதிலிருந்து தென்னிந்தியாவில் இந்தத் துறை நன்றாக வளர்ந்துவிட்டது. சீட் வரைபடம், லேடீஸ் சீட், ஏஜென்ட் கணக்கு, ஜி.பி.எஸ்., வெளித் தளங்களோடு இணைப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கும். நூறு நிறுவனங்கள் பட்ட அடியெல்லாம் அதற்குள் சேர்ந்திருக்கும். நான் மேலே சொன்ன வண்டி மாற்றும் சோதனையில் நல்ல சந்தா சாஃப்ட்வேர்கள் தேறிவிடும்.

கணக்குப் பார்க்க ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் 12 வண்டி கிளம்புகிறது, வண்டிக்கு 36 பெர்த், 70 சதவீதம் நிரம்புகிறது. மாதம் 9,000 டிக்கெட் சொச்சம். டிக்கெட்டுக்கு 5 ரூபாய் என்றால் மாதம் 45,000, மூன்று வருடத்தில் 16 லட்சம். "இந்தக் காசுக்குச் சொந்தமாவே எழுதிடலாமே" என்று இங்கேதான் முதலாளிக்குத் தோன்றும். சரி, இன்னொரு கணக்கையும் போடுங்கள். அதே 9,000-ல் பாதி வெளித் தளங்கள் வழியாகப் போகிறது, சராசரிக் கட்டணம் 900, கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால், மாதக் கமிஷன் 4 லட்சத்தைத் தாண்டும். இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள், விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் வரும். மாதம் 500 டிக்கெட்டைத் தளத்திலிருந்து சொந்த இணையதளத்துக்கோ வாட்ஸ்அப்புக்கோ திருப்பினாலே சந்தா கழிந்துவிடும். யூ.பி.ஐ-க்கு 2020 ஜனவரி முதல் எம்.டி.ஆர். (பணம் வாங்கும் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம்) கிடையாது என்பதால் நேரடி டிக்கெட்டில் அந்தச் செலவும் குறைவு. கேட்வேக்காரர் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, சந்தா விலையில் பேரம் பேசும் நேரத்தை, பயணி நேரடியாக வரும்படி செய்யச் செலவழிப்பதில்தான் லாபம் இருக்கிறது.

தொந்தரவுகளும் உண்டு. உங்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கும். உதாரணமாக, நிரந்தர வாடிக்கையாளருக்குப் பணம் வாங்காமல் சாயங்காலம் ஆறு மணி வரை சீட் பிடித்து வைப்பது. அது அவர்கள் சாஃப்ட்வேரில் இல்லையென்றால், வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனரைக் கேட்கிற கதைதான். எஸ்.எம்.எஸ்., ஜி.பி.எஸ்., மொபைல் ஆப் எல்லாம் தனித்தனி பில்லாக வரும். சாஃப்ட்வேர் தருகிறவரே டிக்கெட் விற்கும் தளத்தையும் நடத்துகிறவராக இருந்தால், உங்கள் விலை, நிரம்பும் விகிதம், பயணி விவரம் எல்லாம் அவர் கண்ணில் படும். எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வெளியேறும்போது முழு டேட்டாவையும், பயணி எண்கள் உட்பட, எக்செல் கோப்பாகத் தருவார்களா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பின்னால் கேட்டால் பதில் வராது.

## சொந்தமாக எழுதுவது

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் திறமையான பையன்களுக்குப் பஞ்சமில்லை. திரை அழகாக வரும், வேகமாகவும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், தொழில் முழுக்க உங்கள் கவுன்ட்டர்காரர் தலையில் இருக்கிறது, அவர் அதை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. இரட்டை பெர்த்தில் ஒன்றை ஒரு பெண் தனியாக எடுத்தால் பக்கத்து பெர்த் பெண்களுக்கு மட்டும். அதுவே கணவன் மனைவியாகச் சேர்ந்து எடுத்தால் பிரச்சினை இல்லை. அந்தக் கணவர் மட்டும் கேன்சல் செய்தால்? அப்போது அந்த பெர்த் லேடீஸாக மாற வேண்டும். சார்ட் போட்டுப் பழகியவர் பென்சிலால் ஒரு 'லே' எழுதிவிட்டுப் போய்விடுவார். புதிதாக எழுதுகிறவருக்கு இது முதல் தகராறு நடந்த பிறகுதான் தெரியவரும்.

இதுபோல ஐம்பது விதிகள் இருக்கும். இரண்டு பேர் ஒரே விநாடியில் ஒரே சீட்டைத் தொட்டால், முதலில் தொட்டவருக்குச் சில நிமிடங்கள் பிடித்து வைத்து, பணம் வராவிட்டால் விடுவிக்க வேண்டும். பணம் போய்விட்டது, ஆனால் நெட் கட் ஆகி டிக்கெட் வரவில்லை என்றால் அதற்கு ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு வெளித் தளத்தோடும் தனித்தனியாக இணைக்க வேண்டும், அவர்கள் முறையை மாற்றும்போதெல்லாம் நீங்களும் மாற்ற வேண்டும். முதல் வருடம் முழுக்க உங்கள் பயணிகள்தான் சோதனை எலிகள்.

செலவும் எழுதி முடித்ததோடு நிற்காது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருடந்தோறும் விலையில் 15 முதல் 20 சதவீதம் வரை கேட்பது வழக்கம். சர்வர் வாடகை, ராத்திரி விழித்திருக்க ஆள், பொங்கல் நெருக்கடிக்கு முன் சோதனை எல்லாம் அதற்கு மேல்.

யாருக்கு இது சரி? நூற்றுக்கணக்கில் வண்டி, பார்சல் சர்வீஸ், பல மாநில ரூட், உள்ளேயே நிரந்தரமாக ஒரு சாஃப்ட்வேர் குழு. அல்லது வேறு யாரும் விற்காத ஒன்றை விற்கிறீர்கள்: ஆறுபடை வீடு யாத்திரையில் தரிசனம், தங்குமிடம், சாப்பாடு, சீட் எல்லாம் ஒரே டிக்கெட்டில் என்பது போல. பதினைந்து வண்டிக்காரர் இதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பெருமைக்காகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

## எல்லாவற்றையும் தளங்களிடம் விடுவது

இதையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வண்டியோடு புதிதாக இறங்குகிறவருக்குச் சரி. மற்றவர்களுக்கு, பயணியின் போன் நம்பர்கூட முழுமையாகக் கையில் இல்லாமல் போகும் அபாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு சேவையை எங்கே மேம்படுத்துவது?

| | பழசைத் திருத்துவது | சந்தா | சொந்தமாக எழுதுவது |
|---|---|---|---|
| முதலில் போகும் பணம் | குறைவு | குறைவு | மிக அதிகம் |
| வண்டி மாறினால் | பெரும்பாலும் கையால் | பெரும்பாலும் தயார் | எழுதினால்தான் உண்டு |
| உடனடி ரீஃபண்ட் | கேட்வேயைக் கோர்த்தால் முடியும் | தயார், டெமோவில் கேட்டுப் பார்க்கவும் | முடியும் |
| ராத்திரி உதவி | ஒரே ஆள் | உதவி எண், தரம் ஆளுக்கு ஆள் மாறும் | சம்பளம் கொடுத்தால் உண்டு |
| டேட்டா யாரிடம் | உங்களிடம் | ஒப்பந்தத்தைப் பொறுத்து | உங்களிடம் |

## எந்த வழியில் போனாலும் வரும் செலவுகள்

எஸ்.எம்.எஸ். விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாத வாசகம் போய்ச் சேராது. "வண்டி 40 நிமிடம் தாமதம்" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்ப நினைத்தால், அந்த வாசகம் முன்பே பதிவாகி இருக்க வேண்டும். தாமதம், ஏறும் இடம் மாற்றம், வண்டி எண் மாற்றம், ரீஃபண்ட் என்று குறைந்தது நான்கு வாசகங்களை முதல் நாளே தயார் செய்யுங்கள்.

அப்புறம் தமிழ். ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே. 'கிளாம்பாக்கம்' நம் கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 13. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனியாக எண்ணப்படும். கொஞ்சம் விரிவாக எழுதினால் ஒரு செய்திக்கு மூன்று செய்திக் காசு போகும். அதற்காக ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். சுருக்கமாகத் தமிழில் எழுதினால், கிளீனர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "அண்ணே, பெருங்களத்தூர்ல எங்க நிக்கிறீங்க, பாலத்துக்குக் கீழயா?" என்று கேட்பது பாதியாகக் குறையும்.

அந்த கிளீனர் கையில் உள்ள சார்ட்டில் எல்லாப் பெண் பயணிகளின் போன் நம்பரும் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். 2023-ன் எண்முறை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புத் தவறுக்கான அபராத வரம்பு 250 கோடி ரூபாய் வரை. நம்பரை மறைத்து, ஆப் வழியாக மட்டும் அழைக்கும் வசதி எந்த சாஃப்ட்வேரில் இருக்கிறதோ அதற்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம்.

ஜி.எஸ்.டி-யும் டிக்கெட் எந்த வழியில் விற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். தளம் வழியாக விற்கும் ஆம்னி பஸ் டிக்கெட்டுக்கு 2022 ஜனவரி முதல் வரி கட்டும் பொறுப்பு தளத்துக்கு. 2023 அக்டோபரில் அதைத் திருத்தி, பஸ் ஓட்டும் நிறுவனம் கம்பெனியாகப் பதிவானதாக இருந்தால் பொறுப்பு அதற்கே என்றார்கள். தனிநபர் நிறுவனத்திலிருந்து பிரைவேட் லிமிடெட் ஆக மாறியவர்கள் தங்கள் சாஃப்ட்வேரில் இந்தக் கணக்கு மாறியிருக்கிறதா என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

## எப்போது மாற்றுவது

ஆடி மாதம். கல்யாணம் இல்லை, பள்ளி விடுமுறையும் முடிந்திருக்கும். சுதந்திர தினத்தை ஒட்டி வரும் நீண்ட வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புரட்டாசி வந்துவிட்டால் ஆயுத பூஜை, தீபாவளி என்று வரிசை கட்டும். அதற்குள் முடிக்காவிட்டால் பொங்கல் தாண்டும்வரை பழசிலேயே ஓட்டுவது நல்லது.

எல்லா ரூட்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கூட்டம் குறைந்த ஒரு ரூட்டை எடுத்து, ஒரு குறிப்பிட்ட பயணத் தேதிக்குப் பிந்தைய டிக்கெட்டுகளைப் புதியதில் மட்டும் போடுங்கள். அதற்கு முந்தைய தேதிகள் பழையதிலேயே ஓடி முடியட்டும். ஒரே பயண நாளை இரண்டு சாஃப்ட்வேரிலும் திறந்து வைத்தால் டபுள் புக்கிங் நிச்சயம். கவுன்ட்டரில் மூத்தவரை முதலில் பழக்குங்கள், அவர் முகம் சுளித்தால் மற்றவர்கள் யாரும் தொடமாட்டார்கள்.

பழைய கம்ப்யூட்டரை உடனே எடைக்குப் போட வேண்டாம். கடைசியாக விற்ற டிக்கெட்டின் ரீஃபண்ட் தீரும்வரை அது தேவை. ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்த ஆண்டுக்கான வருடாந்தர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். எனவே பழைய டிக்கெட், கேன்சல், ஏஜென்ட் கணக்கு எல்லாவற்றையும் எக்செல்லாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்து, ஆடிட்டர் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அந்தப் பெட்டியை அணைக்கலாம்.